பாறைப் பக்கம்

புருஷனையும் தம்பியையும் கடலிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தவள் என்று கூடலூரில் எனக்கு ஒரு பேர் உண்டு. பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அம்மாவிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரைக்கும் அந்தக் கதை தெரியும். அவள் மட்டும் மலையாளம் பேசத் தெரியாமல் இருந்திருந்தால் ரெண்டு உயிரும் போயிருக்கும் என்பார்கள். அந்தக் கதையின் நடுவில் நான் ஒரு பதில் சொல்கிறேன். அதை எப்படிச் சொன்னேன் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. படகில் ஏறிய பத்துப் பேரில் மலையாளம் புரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் தீவுக்காரர்கள். மூன்றாவது ஆள் நான்.

பன்னிரண்டு வருஷமாகக் குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். காலையில் கூடலூரிலிருந்து மலையேறிப் போய்ச் சாயங்காலம் இறங்கி வருவேன். பேரம் பேசிப் பேசியே மலையாளம் வந்தது. எழுதத் தெரியாது, சண்டை போடத் தெரியும். ஒருநாள் லட்சத்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏலக்காய் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கண்ணில் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, ஆட்கள் கடலில் குப்புற மிதக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே மஞ்சள் மீன், நீல மீன், கோடு போட்ட மீன் என்று கூட்டம் கூட்டமாகப் போகின்றன. ஸ்நார்கெலிங் என்றாள். எட்டுப் பேர் சேர்ந்தால் போதும், சின்னப் படகில் தீவைச் சுற்றி நாலைந்து இடத்துக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் இறக்கிக் காட்டுவார்கள் என்றாள்.

அன்றைக்கு எனக்குப் பிடித்தது பைத்தியம். ரெண்டு பக்கமும் மலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஊரில் இருப்பவள் நான். கடல் என்றால் ராமேஸ்வரத்தில் மூன்று முங்கு போட்டதுதான். அதிலும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்டது. மூன்று வருஷம் வீட்டுக்காரரை அரித்தெடுத்தேன். அவர் திராட்சைத் தோட்டமும் தானும் என்று இருக்கிறவர். ஒன்றைக் கேட்டால் அரைப் பதில் சொல்கிற கல்லுளிமங்கன்.

“மீனப் பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போ. வெட்டியும் குடுப்பாக” என்றார் முதல் வருஷம். இரண்டாம் வருஷம் அதுவும் சொல்லவில்லை. மூன்றாம் வருஷம், நான் அழுது மூக்கைச் சிந்திய ஒரு காலையில், “மாப்ள வந்தா வாரேன்” என்றார்.

மாப்ள என்று அவர் சொன்னது என் தம்பியை. வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்கிறான். என்னைவிட ஏழு வயது இளையவன். நான் போனில் சொல்லி முடிப்பதற்குள் அவன் சரி என்றுவிட்டான். அவன் மனைவி கைக்குழந்தையோடு இருந்ததால் வரவில்லை. “பத்திரமாக் கூட்டிட்டு வந்துருங்க மதினி” என்று அவள் சொன்னதற்கு, “அவன் என்ன பச்சப்பிள்ளையா?” என்று நான் எகத்தாளம் பேசினேன். எகத்தாளம் எனக்குக் கூடப்பிறந்தது.

எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் நீச்சலில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவர் நீச்சலை மற்றவர் நீச்சல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். நான் பிறந்த வடுகபட்டியில் நீச்சல் என்றால் கிணறு. தோட்டத்துக் கிணற்றில் பதினைந்தடி மேலேயிருந்து குதித்து, முங்கி எழுந்து, ஏதாவது ஒரு பக்கத்துக் கல்லைப் பிடிக்க வேண்டும். கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் பத்துக் கை போட்டால் சுவர் வந்துவிடும். என் தம்பி அப்படிப் பழகியவன். தண்ணீரில் விழுந்ததும் அவன் கண் முதலில் தேடுவது ஒரு பிடிமானத்தைத்தான்.

கூடலூரில் வேறு மாதிரி. லோயர் கேம்ப் பவர்ஹவுஸில் தண்ணீர் விட்டால் முல்லைப் பெரியாறு சுழித்துக்கொண்டு வரும். அதை எதிர்த்து யாரும் நீந்த மாட்டார்கள். ஒரு படித்துறையில் குதித்து, தண்ணீர் போகிற போக்கில் மல்லாந்தும் குப்புறவும் மிதந்து, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைக் கரைப் பக்கம் சாய்த்து, அடுத்த படித்துறையில் ஏறுவார்கள். ஈரத்துண்டோடு கரை வழியாக நடந்து திரும்பி வந்து மறுபடி குதிப்பார்கள். குதித்த இடத்திலேயே ஏறப் பார்க்கிறவனைக் கிறுக்கன் என்பார்கள். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்து இதுதான் நீச்சல். அவருடைய தோட்டம் இடது கரையில் இருப்பதால் எப்போதும் இடது பக்கமாகவே சாய்ந்து ஏறுவார்.

“கெணத்துக்குள்ள நீந்துறதெல்லாம் அண்டாக்குள்ள நீந்துற மாதிரி மாப்ள” என்பார் அவர்.

“நீங்க எங்க மச்சான் நீந்துறீக? தண்ணி இழுத்துட்டுப் போகுது, நீங்க போறீக” என்பான் தம்பி.

நாங்கள் மூன்று பேர், கம்பத்திலிருந்து ஒரு வாத்தியார், அவர் மனைவி, வயதுக்கு வந்த இரண்டு மகள்கள், மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என்று எட்டுப் பேர் சேர்ந்தோம். குமுளி வழியாகக் கொச்சிக்குப் போய் அங்கிருந்து கப்பல். தீவில் இறங்கிய மறுநாள் காலையிலேயே எங்களைப் படகில் ஏற்றிவிட்டார்கள். படகை ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். தண்ணீரில் எங்களோடு இறங்குவதற்கு இன்னோர் ஆள். அந்த ஆளுக்குப் பேச்சே கிடையாது, சிரிப்பு மட்டும்தான்.

முதல் இடத்தில் நான் பட்ட சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. உயிர்காக்கும் சட்டையைப் போட்டு, ஒரு பெரிய ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சு முட்டும் என்று நினைத்தேன். முட்டவில்லை. குழாய் வழியாக என் மூச்சு எனக்கே கேட்டது. கீழே பவளம் கொத்துக் கொத்தாக நிற்க, மீன்கள் என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்குள் அழுதேன். பக்கத்தில் வீட்டுக்காரர் வந்து என் கையைத் தட்டி, கீழே ஒரு மீனைக் காட்டினார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவராக வந்து எனக்கு ஒன்றைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது இடத்துக்குப் போகும் வழியில் படகுக்காரர் என்னிடம் சொல்லி எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். தீவைச் சுற்றிப் பவளப் பாறை ஒரு வேலி மாதிரி நிற்கிறது. அதில் ஓரிடத்தில் இடைவெளி உண்டு, அதை வாய் என்று சொல்கிறார்கள். கடல் வற்றத் தொடங்கினால் உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வெளியே ஓடும். படகிலிருந்து தொங்குகிற கயிற்றை விட்டுத் தூரம் போகக் கூடாது. சட்டையைக் கழற்றக் கூடாது. இதை நான் தமிழில் சொன்னேன்.

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “தண்ணி இழுத்தா அது போக்குல போயி அங்கிட்டு ஏறிக்கிற வேண்டியதுதான? தண்ணிகூடப் போயி யாராச்சும் மல்லுக்கட்டுவாகளா?”

தம்பியும் கழற்றினான். சட்டை தலையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறது, கீழே முங்கிப் பார்க்க முடியவில்லை என்றான். படகுக்காரர் என்னைப் பார்த்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

“நன்றாக நீந்துவார்களாம்” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தேன். வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் அந்த மனிதர் அவரைத் தண்ணீரிலேயே இறக்கியிருக்க மாட்டார். ஆற்றில் அடுத்த படித்துறை உண்டு. கடலில் அடுத்த படித்துறை எது? இது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் பதினெட்டு வருஷமாக அவர் ஆற்றில் போய் வேறு எங்காவது ஏறி நடந்து வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீரில் காணாமல் போவது எனக்குப் பழகிவிட்டது.

பதினோரு மணிவாக்கில் தம்பி ஓர் ஆமையைப் பார்த்தான். “அக்கா, ஆமைக்கா!” என்று குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினான். ஆமை போக, பின்னால் அவன் போக, அவனுக்குப் பின்னால் வீட்டுக்காரர் போனார். என் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது இரண்டு பேரும் இல்லை. படகுக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள் என்று நினைத்து மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். இன்னும் பத்து நிமிஷம் மீன் பார்த்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

எல்லாரையும் மேலே ஏறச் சொன்னார்கள். ஆறு பேர்தான் ஏறினோம். இரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் பலகை மேல் காய்ந்துபோய்க் கிடந்தன. படகுக்காரர் கூரைமேல் ஏறி நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். வெயில் தண்ணீரில் பட்டு ஊசி ஊசியாகக் கண்ணைக் குத்தியது. வாய்ப் பக்கத்தில் அலை நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த நுரைக்குள் ஒரு தலை எவ்வளவு பெரிசாகத் தெரிந்துவிடும்? தேங்காய் அளவுகூடத் தெரியாது.

படகு வாய்க்குப் போய் நின்றது. தண்ணீர் எங்களைத் தாண்டி வெளியே ஓடுவது எனக்கே தெரிந்தது, எங்கள் ஆறு ஓடுகிற மாதிரி. படகுக்காரர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். வேறு படகு வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அவர் கூரையில் நின்றபடியே எனக்கு விளக்கினார். வாய்க்கு வெளியே போனதும் இந்த ஓட்டம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பிரிவு வலது பக்கம் வளைந்து, கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கரும்பாறைகள் மேல் போய் அடிக்கும். மற்றது நேராக ஆழக்கடலுக்குப் போய்விடும். பாறைக்குப் போக வேண்டுமென்றால் சுற்றித்தான் போக வேண்டும். போய்த் திரும்ப நேரமாகும். இரண்டு பேரும் சேர்ந்துதான் இருப்பார்கள், ஒருவரை விட்டு ஒருவர் போக மாட்டார்கள் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்.

“அவர் எங்ஙோட்டு போயிட்டுண்டாகும், சேச்சி?”

அவர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள்? அதுதான் கேள்வி. எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. யோசிக்கவே வேண்டியதில்லை. தம்பி பாறையைப் பார்த்திருப்பான். பார்த்ததும் செத்தாலும் பரவாயில்லை என்று அதை நோக்கிக் கை போட்டிருப்பான். வீட்டுக்காரர் கை போட்டிருக்க மாட்டார். அவர் மல்லாந்து, தண்ணீரோடு, எங்கேயோ ஒரு கரை வரும் என்று போய்க்கொண்டிருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து இருக்கவே மாட்டார்கள். ஒருவன் வலது பக்கம். ஒருவர் நேர் எதிரே.

நான் எழுந்து நின்றேன். பாறையைக் கையால் காட்டினேன்.

“பாற பாகத்தேக்கு” என்றேன்.

அவ்வளவுதான். ஒருவர்தான் அங்கே இருப்பார், இன்னொருவர் ஆழக்கடல் பக்கம் போயிருப்பார் என்று சொல்லவில்லை. சொன்னால் அவர் யோசிப்பார். யோசித்தால் ஆழக்கடலுக்குப் போகிறவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், பாறையைப் பிடித்தவன் கொஞ்சம் தாங்குவான் என்று முடிவு செய்தாலும் செய்வார். அந்த முடிவை அவர் எடுக்க நான் விடவில்லை.

படகு வலது பக்கம் திரும்பியது. வாத்தியார் என் தோளில் கை வைத்து, “பயப்படாதம்மா, ரெண்டு பேரும் அங்கனதான் இருப்பாக” என்றார். அவர் மனைவி விபூதி கொண்டுவந்திருந்தார், அதை என் நெற்றியில் பூசினார். பெரியவர் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பின்பக்கம் திரும்பி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சின்னதாகிக்கொண்டே போனது. இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. வீரபாண்டி ஆத்தா, என் தம்பியைக் காட்டு, உனக்கு அக்கினிச் சட்டி எடுக்கிறேன் என்று வேண்டினேன். வேண்டி முடித்த பிறகுதான் அந்த வேண்டுதலிலும் ஓர் ஆள்தான் இருக்கிறான் என்று உறைத்தது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை அன்றைக்கு ஆடிய ஆட்டம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

தம்பி அங்கே இருந்தான். ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். அலை வந்து அவனைத் தூக்கி அந்தப் பாறை மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தது. படகு கிட்டே போனால் உடைந்துவிடும். அந்தப் பேசாத ஆள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார். மூன்று தடவை போய், மூன்று தடவையும் அலை அவரைத் திருப்பி அனுப்பியது. நாலாவது தடவை பிடித்தார். படகு வாயிலிருந்து கிளம்பி, தம்பியை மேலே இழுத்துப் போடும்வரை நாற்பது நிமிஷம். அவன் நெஞ்சிலும் தொடையிலும் தோலே இல்லை. என் மடியில் தலையை வைத்துப் போட்டார்கள். கண்ணைத் திறந்தான்.

“மச்சான் எங்கக்கா?”

நான் அவன் முகத்தைக் கையால் துடைத்தேன்.

“என்னய வாடான்னாருக்கா. எதுத்து நீந்தாத, தண்ணியோட வா, அங்கிட்டு ஏறிக்கிருவோம்னாரு. நான் போகல. அவரு பாட்டுக்குப் போயிட்டாரு.”

படகுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவன் காட்டிய திசை தெரிந்தது. அவர் முகம் மாறியது. இன்னோர் ஆள் ஏன் இவனோடு இல்லை என்று கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஆற்று நீச்சல்காரர், தண்ணீரோடுதான் போவார், கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்வார், அது அவருடைய பழக்கம் என்றேன். இது முதலிலேயே தெரியுமா என்று அவர் மலையாளத்தில் கேட்டார். இல்லை, தம்பி சொன்ன பிறகுதான் புரிந்தது என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் பைசா பெறாத பொய். இது ஒன்றுதான் பொய்.

“பேடிக்கண்ட சேச்சி” என்றார். பயப்படாதே என்று. ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கூப்பிட்ட படகும் வந்து வேறு பக்கமாகத் தேடப் போய்விட்டது. தீவு ஒரு கோடாகிவிட்டது. சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டுவார், எஞ்சினை நிறுத்துவார், காதைக் கொடுத்துக் கேட்பார்கள், மறுபடி ஓட்டுவார். நான் அவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஏங்க, ஏங்க என்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ‘ஏங்க’ என்று கத்தினால் அத்தனை பெரிய கடலில் யாருக்குக் கேட்கும், யாரை என்று தெரியும்? வாத்தியாரின் பிள்ளைகளில் ஒன்றுதான் சட்டென்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. எனக்கு அது கேட்கச் சகிக்கவில்லை, ஏதோ இழவு வீட்டில் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. தம்பி என் மடியில் நடுங்கிக்கொண்டு, “நான் போயிருக்கணும்க்கா, அவரோட நானும் போயிருக்கணும்” என்று அரற்றினான். வாயை மூடுடா என்று அவனை அதட்டினேன். அவனைப் பார்க்கவே எனக்குக் கோபம் வந்தது. எவனுக்காக அப்படிச் செய்தேனோ அவனையே அந்த நேரத்தில் தண்ணீரில் தள்ளிவிட்டு வீட்டுக்காரரைத் திருப்பிக் கேட்கத் தயாராக இருந்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பேரம் பேசிப் பழகியவள், ஆத்தாளோடும் பேரம் பேசினேன். கடைசியில் என் உயிரை எடுத்துக்கொள் என்றேன். அது ஒன்றும் பெரிய விலையாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்குப் பக்கத்தில், இடது புறத்தில், பேசாத ஆள் எதையோ கண்டார். மல்லாந்து கிடந்தார் வீட்டுக்காரர். கண் மூடியிருந்தது. கூப்பிட்டோம், அசைவில்லை. பிணம் என்றுதான் நினைத்தோம். பக்கத்தில் போனபோது வயிறு ஏறி இறங்கியது. நாலு பேர் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தார். உதடு வெளிறி, முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார்.

“இருக்கியா மாப்ள?” என்றார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஊருக்கு வந்த பிறகு கிடா வெட்டினோம். நான் சொன்ன மாதிரியே அக்கினிச் சட்டி எடுத்தேன். பாறைப் பக்கம் சொன்னதும் தம்பி கிடைத்தான், இடது பக்கம் சொன்னதும் புருஷன் கிடைத்தார் என்று வாத்தியார் கம்பம் முழுக்கப் பரப்பிவிட்டார். என் கொழுந்தன் ஒரு படி மேலே போய் எனக்கு நியாயம் கண்டுபிடித்தான். “மதினி கரெக்டாத்தான் செஞ்சிருக்காக. எதுத்து நீந்துறவன் சீக்கிரம் களைச்சுப் போவான். அண்ணன் மெதந்துக்கிட்டுக் கெடப்பாரு, தாங்குவாரு. அதான் மொதல்ல அவனப் பாத்திருக்காக.” கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நல்ல நியாயம்தான். நானும் பல நாள் அதையே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அப்படி எதையும் நான் நினைக்கவில்லை. பாறையைக் காட்டியபோது என் தம்பி மட்டும்தான் என் கண்ணில் நின்றான். புருஷன் நிற்கவில்லை. இதுதான் உண்மை, இதற்கு மேல் இதில் ஒன்றும் கிடையாது.

வீட்டுக்காரர் அதன் பிறகு ஆற்றில் இறங்குவதில்லை. கரையில் உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்னைவிட ஒரு சொல் கூடுதலாகவே பேசினார், சாப்பிட்டியா, வெயிலில் வராதே என்று. அந்தக் கூடுதல்தான் என்னைக் கொன்றது. குமுளிக்குப் போகிற பஸ்ஸில் தினமும் சொல்லிப் பழகுவேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. இறங்கி வரும்போது தைரியம் போய்விடும். ஒரு வருஷம் இப்படியே ஏறி இறங்கினேன்.

போன கவாத்தின்போது தோட்டத்தில் அவருக்குக் கூடமாட இருந்தேன். அவர் கத்தரியால் கொடியை வெட்டிக்கொண்டு போக, வெட்டியதை நான் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனேன். பந்தலுக்கு அடியில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது.

“ஏங்க, அன்னைக்கு அந்தப் போட்டுக்காரரு எந்தப் பக்கம்னு கேட்டாரு. நீங்க வேற பக்கம், தம்பி வேற பக்கம்தான் போயிருப்பீகன்னு எனக்குத் தெரியும். நான் தம்பி இருந்த பக்கத்த மட்டுந்தான் சொன்னேன். உங்களப் பத்திச் சொல்லவே இல்ல. அவன ஏத்துனதுக்கு அப்பறந்தான் சொன்னேன்.”

கத்தரி நிற்கவில்லை. இரண்டு கொடி வெட்டினார்.

“தெரியும்” என்றார்.

“யாரு சொன்னா? தம்பியா?”

“யாரும் சொல்லல. பாத்தேன்.”

“எங்கருந்து பாத்தீக?”

“தண்ணிலருந்துதான். நான் அப்ப ரொம்பத் தூரம் போகல. போட்டு வாய்க்கு வந்து நின்னுச்சுல்ல? மேல நின்ன ஆளு தெரிஞ்சான். நீ எந்திரிச்சது தெரிஞ்சது.”

பந்தல் கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பறம் ஏங்க இத்தன நாளா என்கிட்டக் கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லுவ? அவன் சீக்கிரம் களைச்சுப் போவான், அதான் சொன்னேம்ப. அதக் கேட்டு நான் என்ன செய்ய?”

அவர் இன்னொரு கொடியை இழுத்து, எந்தக் கணுவில் வெட்டலாம் என்று பார்த்தார். வெட்டினார். பிறகு, மூன்று வருஷம் கேட்டாலும் அரைப் பதில் சொல்கிற அந்த மனிதர், கேட்காமலேயே மீதியையும் சொன்னார்.

“கையத் தூக்கி ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன், பாப்பீகன்னு. நீ அங்கிட்டுக் காட்டவும் போட்டு திரும்புச்சு. சரி, அவதான் சொல்லிட்டாளேன்னு கையக் கீழ போட்டுட்டேன். அதுக்கப்பறம் தூக்கல.”